ஊசி கேட்டு வரும் பையனுக்கு நான் என்ன சொல்வது?

அனுப்புநர்:
லோசலினி துய்வாகா,
மருந்துக்கடை விற்பனையாளர்,
நாவுதோ குடியிருப்பு, சுவா, பிஜி.

பெறுநர்:
வட்டார மருத்துவ அதிகாரி அவர்கள், சுவா.

பொருள்: ஒரே ஊசியைப் பகிரும் பையன்களுக்கு எச்.ஐ.வி. சோதனையும் புதிய ஊசியும் கிடைக்கச் செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகன் எரோனிக்கு வயது பதினெட்டு. மூன்று மாதமாகக் காய்ச்சல். எங்கள் பகுதி மருத்துவ நிலையத்துக்கு இருமுறை அழைத்துச் சென்றேன். "பொண்ணுங்க பழக்கம் உண்டா தம்பி?" என்று செவிலியர் கேட்டார். இல்லை என்றான், அது உண்மை. "அப்ப பயப்பட ஒண்ணுமில்லக்கா" என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார். ஊசி போட்டுக்கொள்கிறானா என்று அவரும் கேட்கவில்லை, பெற்றவள் நானும் கேட்கவில்லை. மூன்றாம் முறை போனபோது ஒரு மருத்துவர் இரத்தம் எடுத்தார். எச்.ஐ.வி. என்றார்.

2. எரோனியும் அவன் கூட்டாளிகள் தனியேலா, செரு ஆகியோரும் ஐஸ் என்கிற போதைமருந்தை ஒரே ஊசியால் ஏற்றியிருக்கிறார்கள். ஏனடா இப்படிச் செய்தீர்கள் என்று அழுதேன். "செரு கேட்டப்போ நீதானேம்மா குடுக்கல" என்றான். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஊசி விற்கக் கூடாது என்பது எங்கள் முதலாளியின் உத்தரவு. செருவை மூன்று முறை திட்டி விரட்டியவள் நான்தான். அவன் என் மகனுக்கும் சேர்த்துக் கேட்டான் என்று எனக்கு எப்படி ஐயா தெரியும்?

3. மாலையில் யாங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் குடிக்க உட்கார்ந்தால் எங்கள் தெருவில் ஒரே சிரட்டைதான் எல்லார் கைக்கும் போகும். இப்போது என் மகனுக்கு மட்டும் தனிச் சிரட்டை. சிரட்டையால் இந்த நோய் ஒட்டாது என்று சொல்லிச் சொல்லி என் தொண்டைத்தண்ணீர் வற்றிவிட்டது. நோயை ஒட்டவைக்கும் ஊசி மற்ற இருவரிடமும் இன்னும் இருக்கிறது. அதை யாரும் தேடவில்லை.

4. தனியேலாவின் தாய் மெரேயோனியிடம் சோதனைக்கு அழைத்துப் போகச் சொன்னேன். "எம்புள்ள சர்ச்சுல பாடுறவன். பொம்பளப் புள்ளைங்க பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டான். உன் வீட்டுக் கறைய எங்க மேல பூசாத" என்று கதவைச் சாத்திவிட்டாள். செருவுக்குத் தாயுமில்லை.

5. ஆகவே, இருவரையும் தாங்களே அழைத்துச் சோதிக்க வேண்டும். காய்ச்சலென்று வரும் பிள்ளைகளிடம் ஊசியைப் பற்றியும் கேட்கச் செவிலியர்களுக்குச் சொல்ல வேண்டும். சுத்தமான ஊசி கிடைக்க வழி செய்ய வேண்டும். போதைக்குத் துணைபோகிறேன் என்று என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

6. நேற்று தனியேலா கடைக்கு வந்தான். "அத்த, ஒண்ணே ஒண்ணு குடுங்க" என்றான். முதலாளி பக்கத்தில் நின்றார். எனக்கிருப்பது இந்த ஒரு வேலை. மகனின் சிகிச்சைக்கு அலைவதும் இதை நம்பித்தான். சீட்டு கேட்டேன். வந்த வழியே திரும்பிப் போய்விட்டான்.

நாளை காலை எட்டு மணிக்கு மீண்டும் கடை திறக்கிறேன். அதற்குள் எனக்கு ஒரு பதில் எழுதி அனுப்புங்கள் ஐயா.

இடம்: சுவா
நாள்: 14 ஆகஸ்ட்

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,
லோசலினி துய்வாகா
(எரோனியின் தாய்)