மான் தின்னாத பூ

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்பு மகள் தினுஷாவுக்கு,

ஐந்து வருடம் வாய் மூடி இருந்தது போதும் என்று இதை எழுதுகிறேன். ஆண்டவர் அருளால் நானும் அம்மாவும் சுகம். மெல்பேணில் நீ சுகமாக இருக்கிறாய் என்பதை அம்மா உன்னோடு போனில் கதைக்கும்போது பக்கத்து அறையில் இருந்து அறிந்துகொள்கிறேன். அம்மாவுக்கு மழை வந்தால் முழங்கால் நோகிறது, வைத்தியரிடம் போகச் சொன்னால் கேட்பதில்லை, நீ சொல்லு. குசினிக் கூரை ஒழுக்கு அடைத்தாயிற்று. கந்தோரில் எல்லாம் பழையபடிதான். இத்தனை காலம் கப்பல் அலுவல் பார்த்த என்னை விட்டுவிட்டு முதலாளி தன் மருமகனை மனேஜர் கதிரையில் இருத்தினார், அந்த மருமகனின் கடிதங்களை இன்றைக்கும் நான்தான் திருத்திக் கொடுக்கிறேன். அதை நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

ஜக்சனின் கல்யாணக் கதையை அம்மா உனக்குத் தன் பாட்டில் சொல்லியிருப்பார், நான் கண்டதையும் கேள். உன் தம்பிராசா மாமா மகனின் கல்யாணத்துக்கு ஊரில் தங்கை புருஷன் நான் ஒருவன் இருப்பதையே மறந்து, கோயில் சோடனையைக் கொழும்பாரிடம் கொடுத்தார். அவர்கள் முதல்நாள் பின்னேரமே கோயில் வாசல் முழுக்க நுவரெலியா ரோசாவும் கார்னேசனும் குத்திவிட்டுப் படுக்கப் போய்விட்டார்கள். கந்தோரால் வரும்போது பார்த்தேன். இரவில் இந்த ரோட்டெல்லாம் மான் திரியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. என்னிடம் யாரும் கேட்கவுமில்லை, நான் சைக்கிளை நிறுத்தவுமில்லை. விடியப் பார்த்தால், மான் தின்றது போக, வாசலில் கம்பியும் பூக் குத்தின பச்சை ஸ்பொஞ்சும்தான் மிச்சம். பெண் வீட்டார் வந்து இறங்கப் போகிறார்கள், மாமா தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், அம்மா உனக்கு வீடியோவில் போன் எடுத்தார்.

வாசலை மெதுவாகக் காட்டச் சொன்னாய். பிறகு மான் தின்னாதது ஊரில் என்ன நிற்குது என்று கேட்டாய். எங்கட வேலியில அலரி நிக்குது என்றார் அம்மா. அந்த அலரியை வெட்டி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான்தான். வந்து எல்லோருக்கும் பின்னால் நின்றேன். அலரிப் பால் நஞ்சு, கையில படாமப் பாருங்கோ, பிள்ளையளைக் கிட்ட விடாதேங்கோ, நீட்டுக் கொப்பை முதல்ல வையுங்கோ, நெருக்காதேங்கோ, காத்துப் போக இடம் விடுங்கோ என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். இலைதானே பிள்ளை தெரியுது, பூவைக் காணேல்லையே என்று மாமா பதறினார். பொறுங்கோ மாமா, மான் மாதிரி அவதிப்படாதேங்கோ என்றாய், சிரிக்காத ஆள் இல்லை. உன்னிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது. கப்பலைத் துறைக்குள் கொண்டுவரும் பைலட்மாரின் பேச்சை வருடக்கணக்காகக் கேட்டவன் நான். பெரிய கப்பல் என்று அவர்கள் சத்தம் போடுவதில்லை. நீயும் போடவில்லை. அடுத்ததாகக் கொப்புகளைத் தண்ணி ஏறுற மாதிரிச் சரிவாக வெட்டியிருக்கு, ஆர் வெட்டினது என்று கேட்டாய். அப்பா என்றார் அம்மா. பிறகு, அதே நீளத்தில இன்னும் கொஞ்சம் வெட்டித் தரச் சொல்லுங்கோ என்றாய். வெட்டித் தந்தேன். ஐந்து வருடத்தில் நாம் இருவரும் கதைத்தது அவ்வளவுதான்.

விருந்தில் மாமா மைக்கைப் பிடித்து, வாசல் கட்டித் தந்த தினுஷா திரேசாவுக்கு நன்றி என்றார். உன் தொழிலில் நீ அம்மாவின் பெயரைச் சேர்த்துத்தான் அறியப்படுகிறாயாம். பிறகு என் மேசைக்கு வந்து, மச்சான், பிள்ளையின்ர பேரில உங்கடையைக் காணேல்லையே, அதையும் மான் திண்டுட்டுதோ என்று கேட்டார். மேசையே சிரித்தது. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

நீ கணக்கியல் படிப்பை விட்டுப் பூக்கடையில் வாளி கழுவப் போன அன்று, என்ர பேரைப் பூக்கடைக்குக் கொண்டுபோகாத என்று சொன்னவன் நான்தான். சொன்னதற்குக் காரணம் இருந்தது. எங்கள் ஊரில் பூவை வைத்துப் பிழைத்தவர்கள் சவப்பெட்டிக் கடைக்காரர்தான், வேறு யாரை நான் கண்டேன்? ஆனால் ஒன்று கேட்கிறேன். அவ்வளவு தூரம் போகாதே என்றேன், போனாய். படிப்பை விடாதே என்றேன், விட்டாய். என் பேச்சு ஒன்றையும் கேளாத பிள்ளை, இந்த ஒன்றை மட்டும் ஏன் கேட்டாய்?

அடுத்த மாதம் சொந்தக் கடை திறக்கிறாயாம், பெயர்ப் பலகை இன்னும் எழுதக் கொடுக்கவில்லையாம். போனில் சொல்லலாம்தானே என்று அம்மா கேட்கிறார். போனில் எனக்கு ஏலாது. நீ வாளி கழுவினாய், இரவில் படித்தாய், பெரிய ஹோட்டல் மண்டபங்களுக்குப் பூ வைத்தாய், அதெல்லாம் யாருடைய தயவிலும் கிடைத்ததல்ல. ஆகவே சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று சும்மா செய்து கொடுக்காதே, உன் மாமாவுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். விடியப்புறச் சந்தைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. தண்ணீரில் நின்று வெடித்த கைக்கு இரவில் எண்ணெய் பூசு. ஞாயிறு பூசையைத் தவற விடாதே. கடை திறக்கும் நாளில் மாதா உன் பக்கத்தில் நிற்பாள், என் ஆசீர்வாதமும் உண்டு. பலகை எழுதியதும் படம் எடுத்து அம்மாவின் போனுக்கு அனுப்பு, நான் பார்ப்பேன்.

கையெழுத்து வைக்கும் இடத்துக்கு வந்துவிட்டேன். பலகையில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி நான் கேட்கமாட்டேன், அது உனக்குத் தெரியும். நீ அங்கே எழுத முந்தி என் பெயரை இந்தத் தாளில் நான் எழுதப்போவதும் இல்லை. கடிதத்தை இப்படியே, கையெழுத்தில்லாமல், தபாலில் போடுகிறேன்.