வெளுத்தது எனக்கு, கறுத்தது உனக்கு

என் பிரியமான மாரிமுத்து,

எப்போதும் போல உன்னைத் திட்டித் தொடங்கத்தான் மனசு வருகிறது. முடியவில்லை. நீ போய் முப்பத்தாறு நாள் ஆகிறது. இந்த வளைகுடா ஊரில், உன் குதைபியா ரூமில், உன் கட்டிலுக்குப் புது ஆள் வந்துவிட்டார். ஏசி மட்டும் பழைய சத்தத்தோடு ஓடுகிறது. ஊரார் ஏசியையெல்லாம் சரிசெய்த உனக்கு அதைத் திறந்து பார்க்க நேரம் வாய்க்கவில்லை.

உன்னைப் பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்பிய மறுநாள் மல்லிகா போன் செய்தாள். அழவில்லை. "அண்ணே, நீங்க பேப்பர்ல எழுதுற ஆளு, பொய் சொல்ல மாட்டீங்க. குடிச்சுத்தான் செத்தாருன்னு இங்க பேசுறாங்க. புள்ள கேக்குறா. நெசமா?" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். முப்பது வருஷ நிருபர், நண்பனின் மனைவிக்குச் சொன்ன பதில் அது.

நீ காய்ச்சியது நிஜம்தானே. பார்லியை முளைகட்டி, மொட்டைமாடியில் காயவைத்து, உடைத்து, பிரியாணி தேக்சாவில் வெந்நீர் விட்டு மூடிவைப்பாய். ஏசி மெக்கானிக் அல்லவா, தெர்மாமீட்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாய். முதலில் வடிவது பாகு போல இனிக்கும், அந்த இனிப்புதான் போதையாகும்; அது ஒரு வாளி. அதே சக்கையில் மறுபடி வெந்நீர் ஊற்றி வடித்தால் இன்னொரு வாளி. தனித்தனியாகக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் போடுவாய். ஒரே தானியத்தில் இரண்டு பீர். ஒன்று முரடு, மற்றது சாது என்பாய்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு முன் இரண்டு பாட்டில் திறப்பாய். வெளுத்தது எனக்கு, கறுத்தது உனக்கு. "பேனா புடிக்கிற கைக்கு இது போதும் மச்சான்" என்று கேலி வேறு. பாதியிலேயே எனக்குத் தலை சுற்றும். நீ கறுப்பை முழுசாகக் குடித்துவிட்டு நிமிர்ந்து நடப்பாய். எவ்வளவு குடித்தாலும் உன்னை அசைக்க முடியாது என்று நானே பலரிடம் பெருமை பேசினேன். அந்தப் பேச்சுதான் ஊர்வரை போய்ச் சேர்ந்ததோ?

போன வாரம் உன் ரூம் நண்பர் கபீர் பாய் கூப்பிட்டார். மிச்சம் இருப்பதை யாராவது பார்த்தால் பிரச்சினை, கொட்டிவிடலாம் என்றார். அவர் குடிக்காதவர்; மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். வாளிகளில் உன் கையெழுத்து. வெளுத்ததில் 'முதல் வடி' என்று இருந்தது. கறுத்ததில் 'ரெண்டாம் வடி', அதன் கீழே 'வறுத்த பார்லி ஒரு கிண்ணம், கலருக்கு'. இரண்டு முறை படித்தேன். பிறகு கறுத்ததில் ஒரு மடக்கு குடித்தேன். கருகல் வாசனை, மற்றபடி பார்லித் தண்ணீர்.

"நெஞ்சுல அடைப்புன்னு டாக்டர் சொன்னதுலேர்ந்து அதத்தான் சார் குடிச்சாரு. ஒரு வருஷம் இருக்கும்" என்றார் கபீர் பாய். "உங்களுக்குத் தெரிஞ்சா ஊருக்கு அனுப்பிருவீங்களாம். மக படிப்பு முடியட்டும்னாரு."

எத்தனை பேரைக் கேள்வியால் துளைத்திருக்கிறேன். எதிரே உட்கார்ந்திருந்த உன்னிடம் ஒன்றும் கேட்காமல் நிறத்தைப் பார்த்து நம்பிவிட்டேன். தெரிந்திருந்தால் உன்னை இழுத்துப்போய் விமானம் ஏற்றியிருப்பேனா? இல்லை, நீ சொல்லும் சமாதானத்தைக் கேட்டுவிட்டு என் பாட்டிலுக்குக் கை நீட்டியிருப்பேனா?

இந்தக் கடிதம் என் பேப்பரில் அச்சாகும் முன் மல்லிகாவிடம் பேசிவிடுவேன். காய்ச்சினாய் என்பேன். குடித்தாய், கடைசி ஒரு வருஷம் அந்தப் பார்லித் தண்ணீரை மட்டும் என்பேன். நெஞ்சு வலியை மறைத்தாய் என்பதையும் சொல்வேன். அது அவளுக்கு இன்னும் வலிக்கும். ஊர்ப்பேச்சைக் கிளப்பியது என் வாய் என்றும் சொல்வேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். இது உனக்கு என் வாக்கு.

முதல் வடியை முழுக்கக் குடித்த
உன் மச்சான்,
சுந்தரம்