மார்கழி ஓட்டம்

17.12.1991, செவ்வாய். ராஜபாளையம்.

கார்த்திகை முழுவதும் இருட்டிலேயே அய்யனார் கோவில் ரோட்டில் ஓடிவிட்டு வந்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. மார்கழி பிறந்தால் வாசலுக்கு வாசல் பெண்கள் கோலம் போட உட்கார்ந்திருப்பார்கள் என்பது எனக்கும் உறைக்கவில்லை, என் வீட்டுக்காரருக்கும் உறைக்கவில்லை. இன்று நான் திரும்புவதற்குள் சேதி மாமியார் காதுக்குப் போய்விட்டது.

"ரெண்டு பிள்ளை பெத்தவ தெருவுல ஓடுதாளாம். ஏலே, ஒனக்குத் தெரியுமா?" என்று மகனிடம் கேட்டார்.

சின்னவள் பிறந்த பிறகு படியேறினாலே மூச்சு வாங்குகிறது என்று நான் அழுதபோது, "ஓடிப் பாரு, சரியாப் போகும்" என்றவரே அவர்தான். போலீஸ்காரர். மூக்கால் மூச்சு விடப் பழக்கியதும், கேன்வாஸ் ஷூ வாங்கி வந்ததும் அவர்தான்.

பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்: "எனக்கென்னம்மா தெரியும்? நான் தூங்கிக்கிட்டுல்ல இருந்தேன்."

நான் வாசற்படியில் நின்றேன். வழியில் அவிழக் கூடாதென்று விடியுமுன் எழுந்து, குனிந்து, அவர் கையால் போட்டுவிட்ட முடிச்சு என் ஷூவில் அப்படியே இருந்தது. அவர் என் காலைப் பார்க்கவே இல்லை.

நான் அதை அவிழ்க்கவில்லை. அடுப்படிக்குப் போய்க் கத்தியால் லேஸை அறுத்தேன்.

நாளைக்கு வெறுங்காலோடு ஓடுவேன்.