நெருப்புப் பிடித்தால் சொல்லுறன்

இஞ்சேருங்கோ,

நேற்றுப் போட்டுக்கொண்டு போன சுவெற்றரை இன்னும் தோய்க்கப் போடவில்லை. குசினிக் கதிரையின் முதுகில் தொங்குகிறது. காலையில் தேத்தண்ணி போட வந்தபோது அதிலிருந்து விறகுப் புகை மணம் எழும்பி வந்தது. கேத்திலைப் போட்டுவிட்டு, சுவெற்றரைக் கையில் எடுத்து மூக்கருகே வைத்துக்கொண்டு நின்றேன். ரெட் கம் விறகு. இந்த ஊர் மரங்களில் எனக்குப் பெயர் தெரிந்த முதல் மரம் அதுதான், அதுவும் எரிந்து முடிகிற நிலையில்தான் எனக்கு அறிமுகமானது.

மகளோடு மெல்பேர்ண் விளிம்பில் ட்ருகனினாவில் இருக்கிறேன். புது வீடு. சுவரில் ஒரு பொத்தானை அமத்தினால் எல்லா அறையும் ஒரே அளவாகச் சூடாகிவிடும். சூடு எங்கேயிருந்து வருகிறது என்றே தெரியாது, மணமும் கிடையாது. நீங்கள் இருந்திருந்தால் இதற்கும் ஒரு குறை சொல்லியிருப்பீர்கள்.

நான் வந்து இறங்கிய ஆனி மாதம் உங்களுக்கு நினைவிருக்கும். எழுபதுகளின் நடுப்பகுதி. யாழ்ப்பாணத்தில் ஆனி என்றால் தலை வெடிக்கிற வெயில், இங்கே அது குளிர்காலம் என்று தெரியாமல் அதே நினைப்பில் மெல்லிய நைலெக்ஸ் சேலைகளைப் பெட்டி நிறைய அடுக்கிக்கொண்டு வந்தேன். கலியாணம் முடிந்த கையோடு நீங்கள் மெல்பேர்ணுக்குத் திரும்பியிருந்தீர்கள். நான் விசாவுக்குக் காத்திருந்து வந்து சேர ஒரு வருடத்துக்கு மேலே ஆகிவிட்டது. விமான நிலையத்தில் உங்களைப் பார்த்தபோது, கலியாணப் படத்தில் இருந்தவர் இவ்வளவு மெலிவில்லையே என்று யோசித்தேன். ரிச்மண்டில் ஒரு வீட்டின் பின்னறை. ஒற்றைக் கம்பி சிவக்கிற சின்ன ஹீற்றர் ஒன்று. அது முழங்காலைச் சுடும், முதுகு அப்படியே விறைத்துக் கிடக்கும். கதைக்கவும் இருவருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. சாப்பிட்டீரா, ஓம். குளிருதா, ஓம். அத்தோடு முடிந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நீங்களே கோட்டை எடுத்து என் கையில் தந்தீர்கள்.

"வெளிக்கிடும். சூடு காயப் போவம்."

டிராமில் கொஞ்சத் தூரம் போய், ஒரு தெரு மூலையில் இருந்த பாருக்குத்தான் கூட்டிக்கொண்டு போனீர்கள். வாசலில் பியர் மணம் வந்ததும் என் கால் நின்றுவிட்டது.

"என்ன, தவறணைக்கோ கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்?"

"கம்பளம் விரிச்ச தவறணை. உள்ளுக்கு வந்து பாத்திட்டுப் பேசும்."

ஆண்கள் நின்று குடிக்கிற பக்கம் ஒன்று, பெண்களும் குடும்பமும் இருக்கிற பக்கம் இன்னொன்று. நடுவில் சுவர், சுவரில் சின்னக் கதவு போட்ட ஒரு ஜன்னல். எங்கள் பக்கத்தில் ஒரு ஆள் குனிந்து நிற்கக்கூடிய அளவு பெரிய கணப்பு. அதற்குள் விறகு சிவந்து கிடந்தது. நான் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டு அதன் முன்னால் இருந்தேன். மெல்பேர்ணுக்கு வந்த பிறகு முதல்முறையாக என் முதுகும் முழங்காலும் ஒன்றாகச் சூடாகின. எனக்கு ராஸ்பெரி போட்ட லெமனேட், உங்களுக்கு ஒரு பொட் கிளாஸ் பியர். அம்மாவுக்கு எழுதும்போது, சனிக்கிழமைகளில் நெருப்பு மூட்டின ஒரு மண்டபத்துக்குப் போகிறோம் என்று எழுதினேன். பொய்யும் இல்லைத்தானே. அம்மா அதைக் கோவிலோடு சேர்ந்த மண்டபம் என்று எடுத்து, ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டாவாம்.

அங்கே பரிமாறின டொரீன், வாய் ஓயாத மனுஷி, மூன்றாம் நான்காம் கிழமையில் ஒரு சின்னக் கரும்பலகையோடு வந்தாள். கணப்பருகே இருந்த மேசையைச் சனிக்கிழமைகளில் எங்களுக்கென்று வைக்கப் போகிறாளாம். நீங்கள் அந்த நேரம் ஃபுட்பால் ஸ்கோர் கேட்க மற்றப் பக்கம் போயிருந்தீர்கள். அவள் சோக்கட்டியும் கையுமாக நின்று உங்கள் பெயரைக் கேட்டாள்.

நான் எப்படிச் சொல்ல? புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுளில் ஒரு துண்டு குறையும் என்று எனக்குச் சொல்லித்தான் வளர்த்தார்கள். நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன். ஜன்னல் பக்கம் கையைக் காட்டினேன், உங்கள் கோட்டைக் காட்டினேன். டொரீன் என் சேலையை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பலகையில் 'சாரி' என்று எழுதி மேசையில் வைத்தாள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் எல்லாருக்கும் அது சாரி மேசைதான். நீங்கள் திரும்பி வந்து பலகையைப் பார்த்துச் சிரித்தீர்கள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு நெருப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

"ரயில்வேயிலை எனக்கு என்ன பேர் தெரியுமே? மீன் வெட்டுற மாதிரி தலையையும் வாலையும் எறிஞ்சுபோட்டு நடுத்துண்டாலை கூப்பிடுறாங்கள்."

"நீங்கள் சொல்லிக் குடுக்கிறதுதானே?"

"குடுத்துப் பாத்தனான். இப்ப நடுத்துண்டுக்கே திரும்பிப் பாக்கப் பழகீட்டன்." பொட்டை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னீர்கள்: "ஊரிலை அம்மாவும் போயிட்டா. என்ர பேரை முழுசாச் சொல்ல இந்த நாட்டிலை இருக்கிற ஒரே ஆள் நீர்தான். ஒருக்காச் சொல்லும் பாப்பம்."

உங்கள் அம்மா செத்தபோது உங்களால் ஊருக்கு வர முடியாமல் போனது உங்களை எவ்வளவு வாட்டியது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மெலிந்து போனதற்குக் காரணமும் விளங்கியது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் பெயர் வரவில்லை. அம்மாவையும் இழந்து நிற்கிற மனுஷனின் ஆயுளில் நானுமா கை வைப்பேன்?

"மாட்டன்," என்றேன். "கேக்காதையுங்கோ."

நீங்கள் கோபிக்கவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்குக் கதைக்க ஒரு விஷயம் கிடைத்தது என்றுதான் சொல்ல வேண்டும். நீங்கள் கேட்பீர்கள், நான் மாட்டேன் என்பேன். அதிலிருந்து வேறு கதைகளுக்குப் போவோம். உங்கள் பள்ளிக்கூடம், என் தங்கச்சிமார், நீங்கள் கடலில் நீந்தப் பழகியது. ஒருவரை ஒருவர் அறிந்ததெல்லாம் அந்தக் கணப்புக்கு முன்னால்தான். பின்னறையில் நாங்கள் தம்பதி, சாரி மேசையில்தான் சிநேகிதர்.

பிறகு அந்தச் சனிக்கிழமை. நீங்கள் வழக்கம்போல ஸ்கோர் கேட்கப் போயிருந்தீர்கள். உங்கள் அணி தோற்கும், அது தெரிந்தும் போவீர்கள். நான் சூட்டுக்கு இன்னும் கிட்ட இருக்க ஆசைப்பட்டுக் கதிரையை முன்னுக்கு இழுத்தேன். டொரீன் போட்டுவிட்டுப் போன விறகு ஒன்று டப்பென்று வெடித்தது. ஒரு நெருப்புத் துண்டு வந்து என் சேலைத் தலைப்பில் விழுந்தது. நைலெக்ஸ் சேலை எப்படி எரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை. புகை கிளம்பி ஓட்டை விரிகிறதைப் பார்த்தேன். நெருப்பு என்று கத்தியிருக்கலாம், ஐயோ என்று கத்தியிருக்கலாம், முருகா என்றாவது கத்தியிருக்கலாம். என் வாயில் வந்தது உங்கள் பெயர், தலையும் நடுவும் வாலுமாக, முழுசாக.

நீங்கள் வாசல் வழியால் சுற்றி வரவில்லை. பார் மேடையின் தூக்குப் பலகையைத் தூக்கி, டொரீனை இடித்துத் தள்ளிக்கொண்டு, கையில் இருந்த பொட்டோடு பாய்ந்து வந்தீர்கள். வந்த வேகத்தில் பியர் முழுவதையும் என் சேலையில் ஊற்றினீர்கள். நெருப்பு அணைந்தது. ஜன்னலுக்குள்ளால் ஆண்களின் தலைகள் எட்டிப் பார்த்தன. அதில் ஒருவர், "உன்ர பேர் அவ்வளவு நீளமா?" என்று உங்களைக் கேட்டார். வெறும் கிளாசைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் முழங்காலில் இருந்தீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. சேலைக்காக இல்லை என்று எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போன டிராம் பயணத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கம் வருகிறது. நல்லூரில் பிறந்து வளர்ந்தவள் தலைப்பு முழுக்கப் பியர் சொட்டச் சொட்ட இருக்கிறேன். கண்டக்டர் டிக்கெட் தரக் குனிந்தவர் மூக்கைச் சுருக்கினார். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தீர்கள். இறங்கி நடக்கும்போதுதான் வாயைத் திறந்தீர்கள்.

"இன்னொருக்காச் சொல்லும்."

"என்னத்தை?"

"தெரியாத மாதிரிக் கேளாதையும்."

"இன்னொருக்கா நெருப்புப் பிடிச்சால் சொல்லுறன்."

அதைப் பிடித்துக்கொண்டீர்கள். பாண் கருகினால், "நெருப்புப் பிடிச்சிட்டுது, சொல்லும்." தீபாவளிக்கு விளக்கேற்றினால், "நெருப்பு வந்திட்டுது, சொல்லும்." பிள்ளைகள் பிறந்து, அவர்களும் விஷயம் தெரியாமல் உங்களோடு சேர்ந்து கத்துவார்கள். நான் ஒவ்வொரு முறையும் அகப்பையைத் தூக்கிக் காட்டுவேன். அன்று சொன்ன ஒரு தரத்தால் எவ்வளவு குறைந்ததோ என்று எனக்குள்ளே ஒரு பயம் எப்போதும் இருந்தது. அதை உங்களுக்குச் சொன்னதில்லை. சொன்னால் இன்னும் கேலி செய்வீர்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கிடந்தபோதும் விட்டீர்களா? வெயில் ஜன்னலால் வந்து போர்வையில் விழுந்திருந்தது. என் கையைச் சுரண்டினீர்கள்.

"இஞ்சேரும். நெருப்புப் பிடிச்சிட்டுது."

"பேசாமல் படுங்கோ," என்றேன்.

அதற்கு நீங்கள் சிரித்தீர்கள். நான் செய்தது சரியென்றுதான் இப்போதும் சொல்வேன். ஒரு நாளோ அரை நாளோ மிச்சம் இருந்த இடத்தில் நான் எப்படி அதைக் குறைப்பது? நான் என் பங்கை ஒழுங்காகக் காத்தேன். நான் சொல்லாமல் காத்த ஆயுளை விட்டுவிட்டுப் போனது நீங்கள்தான். அதற்கு நான் இன்னும் உங்களோடு கோபம்தான்.

நேற்று மகள் எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிறேன் என்றாள். காரால் இறங்கின பிறகுதான் அது ரிச்மண்ட் என்று கண்டேன். நீங்கள் அவளுக்கு எப்போதோ இடத்தைச் சொல்லியிருக்கிறீர்கள். மூலைக் கட்டிடம் அப்படியே நிற்கிறது. உள்ளே சுவரை இடித்து இரண்டு பக்கத்தையும் ஒன்றாக்கிவிட்டார்கள், ஜன்னல் போய்விட்டது. ஆனால் கணப்பு இருக்கிறது. விறகும் அதே விறகு.

"அம்மா, நீங்க உள்ளுக்குப் போய் பேரைக் குடுங்கோ. நான் காரைப் பார்க் பண்ணீட்டு வாறன்."

வாசலில் மூக்குவளையம் போட்ட ஒரு பெட்டை நின்றாள். கணப்பருகே ஒரு மேசை காலியாகப் போகிறதாம், பெயர் வேண்டுமாம். என் பெயரைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் இனிக் குறைய என்ன இருக்கிறது என்று நினைத்தேன். உங்கள் பெயரைச் சொன்னேன்.

அந்தப் பிள்ளை அதை நறுக்கவில்லை. "இன்னொருதரம் சொல்லுங்கோ, நான் சரியாகச் சொல்ல வேணும்," என்று கேட்டாள். முதலில் அவள் வாயில் வால் விழுந்தது. பிறகு நடுவில் தடுக்கியது. மூன்றாம் தரம் அப்படியே வந்தது, உங்கள் அம்மா கூப்பிட்டிருக்கக் கூடிய மாதிரி. நான் தலையாட்டிவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன்.

மேசை ஆயத்தமானதும் அவள் கூடம் முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள். நான் ஜன்னல் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டேன். கையில் பொட்டோடு ஆராவது பாய்ந்து வருவார் என்றுதான் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அவள் இரண்டாம் தரமும் கூப்பிட்ட பிறகுதான், "ஓம், வாறன்," என்று போய் இருந்தேன். ராஸ்பெரி லெமனேட்டும் ஒரு பொட் பியரும் சொன்னேன். மகள் வந்து பியரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தனக்கு வேறு கதிரையை இழுத்துக்கொண்டு இருந்தாள். நாங்கள் எழும்பும் வரை அந்தப் பியர் மேசையில் உங்கள் பக்கத்தில் அப்படியே இருந்தது.

இவ்வளவும் எழுதிவிட்டேன். பெயரை எழுத மட்டும் கை போகவில்லை, அதற்கு நீங்கள் சிரித்தாலும் சரி. காலையில் மகள் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் ஒருவரும் இல்லை. கேத்தில் கொதித்து ஓய்ந்துவிட்டது. சுவெற்றரை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, இன்னொருக்காச் சொன்னேன்.