காய்ச்சல் வராத உடம்பு

பாகலூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தங்கச்சி மேகலாவுக்கு அக்கா ராசாத்தி எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரர் அன்புமணி தம்பியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான் இருக்கிறேன்.

போனில் சொல்லலாம்தான். நீ ஸ்பீக்கரில் போடுவாய், தம்பி கேட்டுவிட்டு அப்போதே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதனால்தான் பெரியவளின் நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். பிழை இருந்தால் சிரிக்காதே.

அடுத்த ஞாயிறு என் வீட்டுக்காரருக்குப் பதினாறாம் நாள் காரியம். "அண்ணன் காரியத்துக்கு நான் வராம வேற யாரு வருவாங்க" என்று தம்பி சொன்னதாகச் சொன்னாய். ரத்த சொந்தம் இல்லாவிட்டாலும், டயாலிசிஸ் வார்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்து, ஒரே வருஷத்தில் கிட்னி மாற்றிக்கொண்டவர்கள். அந்த உரிமை அவருக்கு உண்டு. இருந்தாலும் அவரை அனுப்பாதே. நீயும் வராதே.

நடந்தது உனக்கு முழுசாகத் தெரியாது. பஸ்ஸில் மாஸ்க், கல்யாண வீட்டில் மாஸ்க், காய்ச்சின தண்ணீர் என்று எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தார். நம் தோட்டத்துக்குள் கால் வைத்ததும் மட்டும் மாஸ்க்கைக் கழற்றிச் சட்டைப் பாக்கெட்டில் வைத்துவிடுவார். "நம்ம காட்டுல நமக்கு என்னாடி வரும்" என்பார். ரோஜாச் செடிக்கு எரு போட ஆளுக்குச் சொல்லியிருந்தோம். ஆள் வரவில்லை. இவரே இறங்கி எருக்குழியைக் கிளறிவிட்டார். நம் மாட்டு எரு ஆகாது என்று எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை.

அப்புறம் சோறு இறங்கவில்லை. லேசாக இருமல். காய்ச்சல் மட்டும் இல்லை. உங்கள் வீட்டில் இருக்கிற அதே தெர்மாமீட்டர்தான். தினமும் வைத்துப் பார்த்து, "பாரு, நார்மல்" என்று என்னிடம் நீட்டுவார். பெங்களூருக்குக் கொண்டுபோனபோது எருப் புழுதியிலிருந்து ஏறின பூஞ்சை நெஞ்சு முழுக்கப் பிடித்திருந்தது.

அங்கே டாக்டரம்மா கன்னடமும் தமிழுமாகச் சொன்னார். கிருமி நுழைந்தால் முதலில் பார்க்கிற ரத்த அணு மற்ற அணுக்களுக்குத் தகவல் கொடுக்குமாம், கம்பெனியில் சங்கு ஊதுகிற மாதிரி. அந்தத் தகவல் போனால்தான் காய்ச்சலே வருமாம். புதுக் கிட்னியை உடம்பு துரத்தாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை அந்தச் சங்கையும் அமுக்கிவிடுகிறதாம். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதே மேகலா, அது பெரிய ஆபத்து என்று டாக்டரம்மாவே சொன்னார். தெர்மாமீட்டரை மட்டும் நம்பி உட்காராதே. தம்பி சோறு வேண்டாம் என்றாலோ, நாலு படி ஏறி மூச்சு வாங்கினாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ.

இங்கே வீடு நிறைய சொந்தக்காரர்கள். மாமியாரின் தம்பி விடாமல் இருமுகிறார். நாராயணம்மா அத்தை இப்போதே, "கூடப்பொறந்தவனாட்டம் திரிஞ்சானே, அவன் வரலியா?" என்று கேட்டுவிட்டார். கேட்கட்டும். நான்தான் வரவேண்டாம் என்று சொன்னேன் என்று சபையிலேயே சொல்லிக்கொள்கிறேன்.

அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். மாஸ்க் மடித்தபடி பாக்கெட்டில் இருந்தது. சட்டையைத் துவைக்காமல் திரும்ப அப்படியே மாட்டிவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் தம்பிக்குச் சூடாக ராகிக் களியும் கீரைக் கடைசலும் செய்து போடு. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார். தட்டு காலியானதும் எனக்கு ஒரு போன் போடு. இங்கே எத்தனை பேர் இருந்தாலும் எடுப்பேன். அந்த ஒரு சேதி சொல்லு, போதும்.

உன் அக்கா,
ராசாத்தி