மரத்துப்போன விரலும் நான் சொன்ன பொய்யும்

அக்கா,

இன்று காலை கம்பெனியில் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பழைய பஞ்சையெல்லாம் மாற்றினார்கள். ஸ்பிரிட் வாசனை என் மெஷின் வரைக்கும் வந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்து நின்றபோது, உங்களுக்கு இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

திருமழிசையில் நம் அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றோம். விரல் மாட்டிய அன்று என் ரோலரில் பசை ஒட்டியிருந்தது. நிறுத்தாமல், ஓடும்போதே துணியால் துடைத்தேன். துணியோடு வலது ஆள்காட்டி விரலும் உள்ளே போனது. அதற்கு அடுத்த நொடிதான், "ஏய், டீ வந்துச்சு, வாடி" என்று நீங்கள் கூப்பிட்டீர்கள். நான் அலறியதும் ஓடிவந்து சிவப்புப் பொத்தானை அடித்து மெஷினை நிறுத்தியதும் நீங்கள்தான்.

விரலின் உள்பக்கத் தோல் நுனிவரை உரிந்து தொங்கியது.

"கீழ பாக்காதே. கையைத் தூக்கிப் புடி. என் மூஞ்சிய மட்டும் பாரு."

முதலில் போன கிளினிக்கில், பாதி விரலை எடுத்துவிட்டால் சீக்கிரமே வேலைக்குப் போய்விடலாம் என்றார்கள். வலியில் நான் இடது கையால் கையெழுத்துப் போடவே போய்விட்டேன். நீங்கள் பேனாவைப் பிடுங்கினீர்கள். "இன்னா சார், நகம் வெட்ற மாதிரி சொல்றீங்கோ? இந்தக் கையாலதான் அவ காலம் பூரா சோறு பெசஞ்சித் துன்னணும்."

அங்கிருந்து ஆட்டோவில் பூந்தமல்லிக்கு. கை ஆபரேஷன் மட்டுமே செய்யும் ஒரு டாக்டரம்மா விளக்கினார். எலும்பு தப்பித்தது, நரம்பு அறுந்துவிட்டது. நடுவிரலின் முதுகிலிருந்து தோலை மடித்து இந்த விரலில் தைக்க வேண்டும். அது ஒட்டிக்கொள்ளும்வரை மூன்று வாரம் இரண்டு விரலும் சேர்ந்தே இருக்கும். "விரலைக் காப்பாத்திடலாம்மா. உணர்ச்சி திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாது."

அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரக்கவைத்தார்கள். பச்சைத் துணிக்கு இந்தப் பக்கம் நான் முழித்துக்கொண்டே கிடந்தேன். "நரம்போட இன்னொரு முனை எங்க? காணோமே" என்று ஒரு குரல் கேட்டது. கதவுக்கு வெளியே நீங்கள் இருக்கிறீர்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன்.

முதல் கட்டுப் பிரித்தபோது இரண்டு விரல் ஒன்றாகத் தைத்திருந்ததைப் பார்த்துக் கத்தினேன். அந்த மூன்று வாரமும் ஷிப்டுக்கு முன்னால் சென்னீர்குப்பத்திலிருந்து நசரத்பேட்டையில் என் வீட்டுக்கு வந்து எனக்குத் தலைவாரிவிட்டுப் போனீர்கள். விரல்களைப் பிரித்த பிறகும் வந்தீர்கள். என் கண்ணைத் துப்பட்டாவால் கட்டிவிட்டு, பஞ்சாலும் தீக்குச்சியாலும் விரலைத் தொட்டு, "இது இன்னா?" என்பீர்கள்.

"தெரியலக்கா."

"அவசரம் இன்னா கீது? நரம்பு மெதுவாத்தான் வளருமாம்."

ஒருநாள் தோசை ஊற்றும்போது கருகல் வாடை அடித்தது. தோசையைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. கருகியது என் விரல். எனக்குத் தெரியவே இல்லை. அப்போது வந்த பயம் மெஷினுக்குள் கை போனபோதுகூட வரவில்லை. அன்று நீங்கள் உள்ளே நுழைந்ததும் கத்தினேன்: "நீங்க கூப்புட்டதாலதான் திரும்பினேன். அதனாலதான் கை போச்சு!"

நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். "ஆமாண்டி. நான் வாய மூடிக்கினு இருந்திருக்கலாம்."

மறுநாளும் வந்தீர்கள், தீப்புண்ணுக்கு மருந்தோடு. உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நீங்கள் வருவதை நிறுத்திவிடுவீர்கள் என்று பயம். என் தப்புத்தான் என்று தெரிந்தால் கம்பெனியில் திரும்ப எடுக்கமாட்டார்களோ என்றும் பயம். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மாதங்கள் போயின. ஒரு காலையில் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போகுமுன்னே போய்விட்டீர்கள்.

உங்கள் வீட்டுக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலைத் தொட்டுக் கும்பிட்டேன். ஆள்காட்டி விரலின் நுனியில் சுருக்கென்று குளிர் ஏறியது. பயந்து கையை இழுத்துக்கொண்டேன். பிறகு அந்த ஒரு விரலால் மட்டும் மறுபடி தொட்டேன். உங்கள் பாதம் சில்லென்றிருந்தது. "அக்கா, தெரியுது, தெரியுது" என்று நான் அழுததைச் சுற்றியிருந்தவர்கள் பிதற்றல் என்று நினைத்தார்கள்.

போன வாரம்தான் உங்கள் மகளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "அதுக்கப்புறம் அம்மா ஊட்லகூட யாரையும் சத்தம் போட்டுக் கூப்புடாது. சாப்பாடு ஆயிடுச்சின்னாகூட பக்கத்துல வந்து நின்னுகினு இருக்கும், நாங்களா திரும்பற வரைக்கும்."

நானும் இப்போது மெஷின் பக்கத்தில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அக்கா. மெஷின் நின்று, அவர்களாகத் திரும்பும்வரை காத்து நிற்கிறேன்.