அம்மா வேஷம்

கம்போங் ராஜா, மேட்டு லயம்
24 ஜூன் 2025

அன்பு மகள் யுவனேஸ்வரிக்கு,

அம்மா நலம். முட்டி மட்டும் நலமில்லை.

முதலில் என் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ ஈப்போவில் நர்ஸ் வேலை பார்ப்பதாக மூன்று வருஷமாகத் தோட்டத்து லயம் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நாடகக் குழு என்றால் ஆயிரம் கேள்வி வரும். நர்ஸ் என்றால் ஒரு மரியாதை. போன வாரம் சுபத்ரா தன் ரத்தச் சோதனைத் தாளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "ஒம் மககிட்ட கேட்டுச் சொல்லேன் சரோஜா" என்கிறாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலும் கீழும் பார்த்து, "இனிப்பக் கொறைக்கச் சொல்றா" என்று உன் பெயரில் வைத்தியம் பார்த்துவிட்டேன்.

நேற்று சாகுல் ஹமீது கடைக்கு ரொட்டி வாங்கப் போனேன். சுவரில் ஒரு போஸ்டர். கடை நிறைய ஆள் இருக்கும்போது அவர் கேட்கிறார்: "ஏங்க்கா, இது ஒங்க மகதானே? நர்ஸுன்னீங்க? மூஞ்சி பூரா வெள்ளை பூசிக்கிட்டு நிக்குது லா!"

"ஆஸ்பத்திரியில நோயாளிங்களுக்கு வேடிக்கை காட்ட வச்சிருக்காங்க" என்றேன். ஒருத்தரும் நம்பவில்லை. ரொட்டியை வாங்காமலே வந்துவிட்டேன்.

ஈப்போவில், ஜூலை 27, ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி என்று போட்டிருக்கிறது. என்ன நாடகம் அது? உன்னைப் பெற்றவளுக்குச் சாகுல் ஹமீது சுவர்தான் சேதி சொல்ல வேண்டுமா?

உன் பொய்க்கார அம்மா,
சரோஜா

*

ஈப்போ
1 ஜூலை 2025

அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். போனைவிடக் கடிதம் நல்லது. போனில் நீங்கள் பேசும்போது தொலைக்காட்சியும் பேசும், நாயும் பேசும், அப்பாவும் பேசுவார். எனக்கு எல்லாம் ஒரே அளவில் கேட்கும்.

நான் நர்ஸ் இல்லை. சுபத்ரா அத்தையிடம் அதைச் சொல்லிவிடுங்கள். அவர் டாக்டரிடம் போக வேண்டும்.

நாடகத்தில் ஓர் அம்மா நாற்பது நிமிடம் பேசுகிறாள். அம்மா வேஷம் எனக்கு. பேச்செல்லாம் உங்களுடையது. சின்ன வயதில் நீங்கள் பேசியதைத் திருப்பிச் சொன்னால் வாயில் அடி விழும். இங்கே திருப்பிச் சொன்னால் "இன்னொரு தடவை சொல்லு" என்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பேசு என்று யாரும் சொல்வதில்லை. மேடை ஏறுவதற்கு முன்பு நான் இரண்டு கையையும் உதறுவேன். முதல் வாரம் எல்லாரும் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் கூட நடிக்கும் நாடியா என் பக்கத்தில் நின்று அவளும் உதறினாள். இப்போது குழுவில் ஒன்பது பேரும் உதறிவிட்டுத்தான் ஏறுகிறோம்.

உங்களிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று நாடியா சொன்னாள். ஒரு வரி நல்ல வரி இல்லை. அப்போது எனக்கு ஏழு வயது. நீங்கள் தேயிலைக் கொழுந்து எடை போட்டுவிட்டு வந்து அடுப்படியில் அப்பாவிடம் என்னைப் பற்றிச் சொன்னீர்கள்: "விருந்தாளின்னா நாளைக்குப் போயிடுவா. இது போகாதே." அப்பா சிரித்தார். நான் மேசைக்குக் கீழே இருந்தேன். அதைச் சொல்லலாமா?

நீங்கள் நாடகத்துக்கு வரலாம். வருவதாக இருந்தால் முன்பே எழுதுங்கள். எந்த வரிசையில் உட்காருவீர்கள் என்றும் எழுதுங்கள். தெரிந்தால் என்னால் முடியும். தெரியாமல் வந்தால் முடியாது.

யுவனேஸ்வரி

*

கம்போங் ராஜா, மேட்டு லயம்
12 ஜூலை 2025

அன்பு மகளுக்கு,

சொல்லிக்கொள். அனுமதி.

அந்த வரி எனக்கு ஞாபகமே இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு நாளாகத் தாள் வெள்ளையாகவே கிடந்தது. ஞாபகம் இருக்கிறது. அன்றைக்குக் காலையில்தான் பள்ளிக்கூடத்தில், "இந்தப் பிள்ளைய வேற எங்கயாச்சும் பாருங்க" என்று உன்னையும் பையையும் சேர்த்து என் கையில் கொடுத்தார்கள். அழுதிருக்க வேண்டியவள், நக்கலடித்தேன். உன் அப்பாவும் அழ வேண்டியவர்தான். சிரித்துவிட்டார். எங்களுக்கு வேறு வித்தை தெரியாது.

உன்னை அடித்ததற்கும் ஒரு கதை உண்டு. ஒரு நாள் வீட்டில், "சுபத்ராவுக்குப் பாதி முடி சவுரி, மீதி முடி எண்ணெய்" என்று சொல்லி வைத்தேன். மறுநாள் கோயிலில், முப்பது பேர் நடுவில், நீ வாயைத் திறந்தாய். வந்தது என் குரல். நான் நடுவில் விடுகிற இருமல்கூட விட்டுப்போகவில்லை. சுபத்ரா உன்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை, நேரே என்னைத்தான் பார்த்தாள். இரண்டு வருஷம் பேச்சில்லை. சவுரி மட்டும் அடுத்த நாளே மாறிவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஆள் வந்தால் உன்னை உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்த ஆரம்பித்தேன். "அவளுக்குக் கூட்டம் ஆகாது" என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆகாதது எனக்குத்தான்.

நாடகத்துக்கு நான் எங்கே வருவது? முட்டி இருக்கிற லட்சணத்துக்குப் பக்கத்து ஊர் பிரிஞ்சாங் போய் வருவதே பெரிய யாத்திரை. நீ நிம்மதியாக நடி.

அம்மா

*

கம்போங் ராஜா, மேட்டு லயம்
29 ஜூலை 2025

என் தங்கமே,

திட்டாதே. வந்தேன்.

உன் அப்பாவிடம் கண் டாக்டர் என்று சொன்னேன். கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றி வரும் வீரப்பன் லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வளைவுக்கு வளைவு அவன், "யக்கா, வாந்தி வந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க லா" என்று கேட்டுக்கொண்டே வந்தான். மண்டபத்துக்குள் நுழையும்போது என் மேல் அடித்த வாசனைக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

முன்பே எழுதச் சொன்னாய். எழுதினால், "வராதீர்கள்" என்று பதில் போட்டுவிடுவாயோ என்று பயம். அதனால் கடைசி வரிசையில், தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, திருடி மாதிரி உட்கார்ந்தேன்.

மேடை ஓரத்தில் நீ வந்து நின்று இரண்டு கையையும் உதறினாய். அவ்வளவு வெள்ளைப் பூச்சுக்குள்ளும் உன்னைக் கண்டுபிடித்துவிட்டேன். பத்து விரலிலிருந்தும் தண்ணீர் சொட்டுகிற மாதிரி ஓர் உதறல். பெற்றவளுக்குத் தெரியாதா? அப்புறம் நீ பேசினாய். நான் இவ்வளவு பேசுவேனா? என் இருமல், என் இழுப்பு, ஆளைப் பார்த்துக்கொண்டே வெற்றிலைக் காம்பு கிள்ளுகிற திமிர், எல்லாம் அங்கே நடமாடியது.

அந்த வரி வந்தது. மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், என் நக்கலுக்கு நானே. சட்டென்று மற்ற எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். என் சிரிப்பு மட்டும் தனியாக ஒரு நொடி ஓடி நின்றது. அந்த ஒரு நொடியில் எனக்கு மேசைக்கு அடியில் இருந்த உன் கால் இரண்டும் தெரிந்தன.

முடிந்ததும் முதலில் எழுந்து தட்டியது நான்தான். முட்டி அன்றைக்கு வாயே திறக்கவில்லை. உள்ளே வந்து உன்னைப் பார்க்கத்தான் தைரியம் வரவில்லை. நேற்று சாகுல் ஹமீது கடையில் சத்தமாகச் சொன்னேன்: "எம் மக நர்ஸ் இல்ல. நாடகத்துல நடிக்கிறா. என்னைய நடிக்கிறா." ரொட்டியோடு ஒரு டீ இலவசமாகக் கொடுத்தார். சுபத்ராவையும் டாக்டரிடம் போகச் சொல்லிவிட்டேன்.

என்னை மன்னித்துவிடு, அம்மா. இருபது வருஷம் உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதான் முதல் தடவையாக உன்னைப் பார்த்தேன். தீபாவளிக்கு வருவாயா? உள்ளறைக் கதவைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

உன் அம்மா

*

ஈப்போ
5 ஆகஸ்ட் 2025

அம்மாவுக்கு,

கடிதத்தை மூன்று முறை படித்தேன். கண் டாக்டர் என்று சொன்னது பொய் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். கதவைக் கழற்ற வேண்டாம். எனக்குக் கதவு பிடிக்கும். தீபாவளியைப் பற்றி அக்டோபரில் எழுதுகிறேன்.

நாடகம் தொடங்குவதற்கு முன்பு நான் திரை இடுக்கு வழியாக ஆட்களை எண்ணுவேன். எண்ணினால்தான் போக முடியும். ஞாயிற்றுக்கிழமை முப்பத்தாறு வரை எண்ணினேன். முப்பத்தாறாவது ஆள், கடைசி வரிசையில், முக்காடு போட்டு, ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் எண்ண முடியவில்லை. கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக் காதைப் பொத்திக்கொண்டேன். நாடகம் முடியும்வரை வெளியே வரவில்லை.

உங்கள் குரலை நாடியாவுக்கு நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேன். நீங்கள் பார்த்தது நாடியாவை.

யுவனேஸ்வரி